முருங்கையடியில் ஊற்றிய போத்தல்

2016 ஓகஸ்ட் மாதம், பனிச்சங்கேணியில் எங்கள் வீட்டு முற்றத்தில், ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற ஒரு முருங்கையின் அடியில் ஒரு போத்தல் வைனை ஊற்றினேன். பழுதாகிவிட்டது என்று சொல்லித்தான் ஊற்றினேன். அது பழுதாகவில்லை. இரண்டு கிளாஸ் நிரப்பிக் கொடுத்திருந்தாலாவது மனம் ஆறும், ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வைன் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் நான் ஒருவன்தான்.

பெரியம்மாவின் மூத்த மகள், எங்கள் அக்கா, 1998இல் கலியாணம் கட்டி அமெரிக்கா போனவ. பதினெட்டு வருசம் கழித்து அந்த ஓகஸ்ட்டில்தான் புருசன் பிள்ளைகளோடு ஊருக்கு வந்தா. மச்சான் நியூயோர்க் மாநிலத்தின் வடக்குப் பக்கம், வருசத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஓர் ஊரில் வேலை. வந்த அன்றே பெட்டியைத் திறந்து, சாரத்துக்குள் சுற்றி வைத்திருந்த போத்தலை எடுத்து என் கையில் தந்தார். “எங்கட பக்கத்து வைன். வீட்டுல இருந்து முக்கா மணித்தியால ஓட்டம்தான் தோட்டம். நீ வைன் விளங்கின ஆள் எண்டபடியால கொண்டு வந்தன்.”

நான் லேபலைப் பார்த்தேன். பிரான்ஸ் இல்லை. இத்தாலி இல்லை. கலிபோர்னியாகூட இல்லை. “நியூயோர்க்குல திராட்சையா மச்சான்? அங்க கட்டிடம்தானே முளைக்கும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த மாநிலத்தில் விரல் போல நீண்ட பதினொரு ஏரிகள் இருக்கின்றன, பிங்கர் லேக்ஸ் என்று பேர், அதன் சரிவுகளில்தான் திராட்சைத் தோட்டங்கள் என்று சொல்லத் தொடங்கினார். நான் போத்தலை மேசையில் வைத்துவிட்டு நண்டு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

மறுநாள் மத்தியானம் களப்பு நண்டுக் குழம்பு. வாகரைப் பக்கம் வந்துபோனவர்களுக்கு எங்கள் நண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அம்மா மிளகும் தேங்காய்ப்பாலும் போட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை உதிர்த்து மூடிவைத்திருந்தா. பாய் விரித்து எல்லோரும் இருந்தபிறகு நான் ஹோட்டலில் செய்வதுபோலவே துணி ஒன்றைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போத்தலைத் திறந்தேன். கிளாசில் இரண்டு விரல் அளவு ஊற்றி, சுழற்றி, மூக்கை விட்டேன்.

மண்ணெண்ணெய்.

சந்தேகமே இல்லை, குப்பிவிளக்குக்கு ஊற்றும் அதே மண்ணெண்ணெய். “பழுதாப் போயிற்று மச்சான். சூட்டுல வந்ததால கெட்டிருக்கு” என்றேன். மாமா கிளாசை என் கையிலிருந்து வாங்கி மணந்தார். நாற்பது வருசம் கடலுக்குப் போன மனிதர். “நல்ல மணமாத்தான் மனே கிடக்கு. எஞ்சின் மணம் கொஞ்சம், மறுகா தேசிக்காய் மணம். தா, குடிச்சுப் பாப்பம்” என்றார். நான் கொடுக்கவில்லை. வயிற்றைப் பிரட்டும் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு, முற்றத்துக்கு இறங்கி, முருங்கையடியில் கவிழ்த்தேன். தங்க நிறமாக இருந்தது. மண் உடனே குடித்துவிட்டது.

பிறகு நான் வைத்திருந்த போர்தோ சிவப்பு வைனைத் திறந்தேன். பிரெஞ்சு லேபல், கோட்டைப் படம், பொன் எழுத்து. அந்தப் போத்தல் எட்டு மாதமாக எங்கள் குசினியில், அடுப்புக்கு மேலிருந்த தட்டில் நின்றது என்பதை யாருக்கும் நான் சொல்லவில்லை. சூட்டில் கெட்டிருக்க வேண்டியது எதுவென்றால் அதுதான். எல்லோருக்கும் ஊற்றினேன். உறைப்பு நண்டுக் குழம்போடு அந்தத் துவர்ப்பு வைன் சேர்ந்தபோது வாய் முழுக்க இரும்புச் சுவை. அக்கா ஒரு மிடறோடு கிளாசைத் தள்ளி வைத்தா. மாமா மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: “பனிச்சங்காய் நக்கின மாதிரிக் கிடக்கு.”

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. பனிச்சை எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற மரம். அதன் காயை இடித்து ஊறவைத்த சாற்றில்தான் நைலோன் வருவதற்கு முன்பு பருத்தி வலைகளைத் தோய்ப்பார்கள், உப்புத் தண்ணீரில் நூல் உக்காமல் இருக்க. அந்தச் சாறு நாக்கில் பட்டால் நாக்கு மரத்து, வாய் சுருங்கிப்போகும். சிவப்பு வைனில் நாக்கைப் பிடிக்கிற டனின் என்ற பொருளும் பனிச்சங்காய்ச் சாற்றில் வலையைப் பிடிக்கிற பொருளும் ஒரே குடும்பம். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத மாமா ஒரு மிடறில் அதைப் பிடித்தார். நான் அவரைப் பார்த்து, “உங்களுக்கு இதெல்லாம் விளங்காது மாமா” என்றேன். எழுதும்போதும் கூசுகிறது.

நான் எப்படி வைன் தெரிந்தவன் ஆனேன் என்பதையும் சொல்லவேண்டும். 2006 பிற்பாதியில் போரில் வாகரைக்குள் அடைபட்டோம். ஷெல் விழ விழ இருந்தோம். 2007 தையில் வாகரை விழுந்தபோது வெளியேறி முகாமில் கிடந்து, அந்த வருசக் கடைசியில் ஏஜென்சி ஒன்றுக்கு வட்டிக்காசு கட்டி டுபாய் போனேன். ஹோட்டலில் முதலில் கிளாஸ் கழுவினேன், பிறகு பரிமாறினேன். மூன்று நாள் பயிற்சி ஒன்று தந்தார்கள். அதில் நாக்குக்கு வேலை குறைவு, மனப்பாடம்தான் அதிகம். வைன் பட்டியலின் முதல் பக்கங்கள் பிரான்ஸ், அடுத்து இத்தாலி, அடுத்து கலிபோர்னியா, கடைசிப் பக்கம் ‘ஏனையவை’. கடைசிப் பக்கத்துக்கு விருந்தாளியைப் போகவிடாமல் முதல் பக்கத்திலேயே நிறுத்துகிறவன்தான் நல்ல பரிமாறுகிறவன். செர்ரி, புகையிலை, பதனிட்ட தோல், மழை பட்ட கல் என்று சொல்லப் பழகினேன். செர்ரிப் பழத்தை நான் கேக்கின் மேலேதான் கண்டிருக்கிறேன், அதுவும் பப்பாசிக்காயைச் சீனியில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய செர்ரி.

அந்த ஏழு வருசமும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் கொழும்பு என்றுதான் சொன்னேன். பனிச்சங்கேணி என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு விளக்கம் வேண்டும், விளக்கினாலும் அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது. பெயர் தெரியாத ஊரிலிருந்து வருகிற ஆளைப் பார்க்கிற பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வந்து பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் பாரில் சேர்ந்தபோது, அதே பார்வையை நான் போத்தல்களுக்கு வைத்திருந்தேன்.

அதைக் கழற்றியது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. 2018 பெப்ரவரி. அமெரிக்காவில் மிசூரி மாநிலம், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஸ்டோரில் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு பழைய ஜேர்மன் ரீஸ்லிங் போத்தலைக் கேட்டா. திறந்தேன், ஊற்றினேன், எனக்கே மணந்தது. மண்ணெண்ணெய். மன்னியுங்கள் மெடம், பழுதாகிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று கிளாசை எடுக்கப் போனேன். அவ என் மணிக்கட்டைப் பிடித்தா. இதற்காகத்தானே இதைக் கேட்டேன் என்றா.

பிறகு, பள்ளிக்கூடத்தில் விளக்குவதுபோலவே விளக்கினா. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் தோலில் வெயில் படப்படக் கரோட்டினாய்டுப் பொருட்கள் சேரும். வைன் போத்தலுக்குள் வருசக்கணக்காகக் கிடக்கும்போது அவை உடைந்து ஒரு வாசனைப் பொருள் உண்டாகும். அது நம் மூக்குக்கு மண்ணெண்ணெய். புது வைனில் அளவுக்கு மிஞ்சி வந்தால் குறை என்பார்கள். வயசான நல்ல ரீஸ்லிங்கில் வந்தால், தேசிப்புளிப்போடும் தேன்வாசத்தோடும் சேர்ந்து வந்தால், அதைத் தேடிக் காசு கொடுப்பார்கள். சொல்லிக்கொண்டே ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினா. நான் துணியோடு நின்றேன். முருங்கையடிதான் கண்ணுக்குள் நின்றது. மாமா சொன்ன ‘எஞ்சின் மணம், மறுகா தேசிக்காய்’ என்பதை இவ வேறு சொற்களில் சொல்லியிருந்தா, அவ்வளவுதான்.

மிசூரியில் வைன் செய்கிறார்களா என்று கேட்டேன். கேட்ட குரலில் நக்கல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அவ சொன்ன பதில் இது. அமெரிக்க அரசு இது தனி வைன் பிரதேசம் என்று சட்டப்படி முதன்முதலில் எல்லை கீறி அங்கீகரித்தது அவவின் மாநிலத்து ஒகஸ்டா என்ற சின்ன ஊரைத்தான், 1980 ஜூனில். உலகமே கொண்டாடும் கலிபோர்னியாவின் நாபாவுக்கு அந்த அங்கீகாரம் 1981இல்தான். 1920இல் மதுவிலக்கு வருமுன் அமெரிக்காவில் அதிகம் வைன் செய்த மாநிலங்களில் மிசூரி முன்வரிசை. மதுவிலக்கில் கொடிகளைப் பிடுங்கினார்கள். ஹேர்மன் என்ற ஊரின் பெரிய வைன் நிலவறையில் காளான் வளர்த்தார்களாம். பெயர் எப்படி அழிகிறது என்பதற்கு எனக்கு வேறு கதை வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவிலிருந்து போனில் வாசிக்கத் தொடங்கினேன். முதலில் தேடியது மச்சானின் ஏரிகளை. கொன்ஸ்டன்டின் பிராங்க் என்று ஒரு மனிதர். உக்ரைன்காரர், திராட்சை விஞ்ஞானத்தில் டொக்டர் பட்டம். போர் தின்ற நாட்டை விட்டு 1951இல், ஐம்பது தாண்டிய வயதில், ஆங்கிலம் வராத நாக்கோடு நியூயோர்க் வந்து இறங்கினார். அந்த ஏரிப்பகுதியில் ஜெனீவா என்ற ஊரின் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது மண் கொத்தும் வேலை. ஐரோப்பியத் திராட்சை இந்தக் குளிரில் செத்துவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பியிருந்தார்கள். எங்கள் ஊர்க் குளிருக்கு இது எந்த மூலைக்கு என்று அவர் கேட்டார். குளிர் தாங்கும் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டினால் பிழைக்கும் என்றார். கியூகா ஏரிக்கரையில் சொந்தமாகத் தோட்டம் போட்டு ரீஸ்லிங் வளர்த்து, 1962இல் சொந்த வைன் நிலையமும் தொடங்கிக் காட்டினார். மண்வெட்டியோடு நின்ற ஒரு டொக்டரை அங்கே எத்தனை பேர் தாண்டிப் போயிருப்பார்கள் என்று யோசித்தேன். டுபாயில் என்னோடு ஒரே அறையில் படுத்தவர்களில் ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார், பாத்ரூம் கழுவினார்.

அந்த ஏரிகளில் செனெக்கா 188 மீட்டர் ஆழம். எங்கள் களப்பில் முழங்கால் தண்ணீரில் நடந்து வலை இழுக்கிறவனுக்கு அந்த ஆழம் கற்பனைக்கு அடங்காது. அவ்வளவு தண்ணீர் கோடையில் குடித்த சூட்டை மாரி முழுக்க மெல்ல மெல்ல விடும், கரையோரக் கொடிகள் உறைந்து சாகாது. வசந்தத்தில் அதே தண்ணீர் குளிர்ந்து கிடந்து, மொட்டு முந்தி வெடிக்காமல் பிடித்து வைக்கும், பின்பனியில் கருகாது. மச்சான் அன்று சொல்லத் தொடங்கியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். நண்டு பார்க்கப் போயிருந்தேன்.

எல்லாச் சின்ன ஊர் வைனும் அமிர்தம் என்று இப்போது நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது எனது இன்னொரு பொய். அமெரிக்கக் கிழக்குக் கரையின் சொந்தத் திராட்சை வகைகளுக்கு ஒரு கனத்த வாசம் உண்டு, அங்கே அதை நரிவாசம் என்பார்கள். அதில் செய்த இனிப்பு வைன்களைக் குடித்தவர்கள் முகம் சுளித்ததற்குக் காரணம் இருந்தது. நியூயோர்க் வைனுக்கு நெடுங்காலம் கெட்ட பெயர் இருந்ததும் சும்மா அல்ல. ஆனால் அந்தப் பெயர் விழுந்தபிறகு புதிதாக நட்ட தோட்டத்தையும், புதிதாகச் செய்த வைனையும் அதே பெயரில் தள்ளினார்கள். சின்னத் தோட்டங்களின் வைன் பெரும்பாலும் தோட்டத்து வாசலிலேயே விற்று முடிந்துவிடும், கப்பலேறாது. கப்பலேறாத பொருளைப் பற்றி எழுத ஆளிருக்காது.

நாபாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் கிடந்தது. 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் லேபலை மறைத்துச் சுவைத்தபோது வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. முடிவைப் பார்த்து நடுவர் ஒருவர் தன் புள்ளித்தாளைத் திருப்பிக் கேட்டாராம். 2012இல் பிரின்ஸ்டனில் நியூஜேர்சி வைன்களை வைத்து அதே மாதிரிச் செய்தார்கள். முதலிடம் இரண்டும் பிரான்ஸுக்குத்தான், ஆனால் வெள்ளையில் அடுத்த மூன்று இடங்களும் நியூஜேர்சி. நியூஜேர்சியில் வைன் செய்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பட்டியலின் கடைசிப் பக்கத்தில்கூட அது இருந்ததில்லை.

இன்னொன்றையும் வாசித்தேன், அதுதான் கன்னத்தில் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி பிரான்ஸின் கொடிகளை அழித்தது. அமெரிக்காவிலிருந்து போன பூச்சி, அதற்கு மருந்தும் அமெரிக்காவின் காட்டுக்கொடி வேர்தான். டெக்சாஸில் டெனிசன் என்ற ஊரிலிருந்த மன்சன் என்பவர் எந்த வேர் எந்த மண்ணில் நிற்கும் என்று காட்டினார், 1888இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது. இன்றைக்கும் பிரெஞ்சுக் கொடிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. அடுப்புக்கு மேலே வைத்துக் காய்ச்சிய என் கோட்டைப் படப் போத்தலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருநாள் இரவு வேலை முடிந்தபின், விருந்தாளிகள் மிச்சம் வைத்துப்போன நான்கு சிவப்புப் போத்தல்களை வீரகேசரித் தாளில் சுற்றி, கூட வேலை செய்த தம்பி ஒருவனைக் கலைத்து வைக்கச் சொன்னேன். பிரெஞ்சு எது என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. அடித்துச் சொன்னேன். தாளைக் கிழித்தான். பட்டியலிலேயே விலை குறைந்த சிலி நாட்டு வைன். போர்தோவில் 2001இல் ஓர் ஆய்வாளர் வெள்ளை வைனுக்குச் சிவப்புச் சாயம் போட்டு 54 வைன் மாணவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் அதைச் சிவப்பு வைனின் சொற்களால் வர்ணித்த கதை பிறகு கண்ணில் பட்டது. ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. அவர்களிடம் ஒருவர் நிறத்தை மாற்றிப் பொய் சொன்னார். என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லை.

கள்ளுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஹோட்டலுக்கு வருகிறவர்களில் அரைவாசிப் பேர் இங்கே உள்ளூர்க் குடிவகை என்ன என்று கேட்பார்கள். உத்தரவுப் பத்திரம் இல்லாமல் ஹோட்டலில் கள்ளு விற்க முடியாது, அது சட்டம். ஆனால் நான் சொன்ன காரணம் சட்டம் இல்லை. “அது சுத்தமில்லை மெடம், உங்களுக்குச் சரிவராது” என்று சொன்னேன், எத்தனையோ தரம். எங்கள் ஒழுங்கையிலேயே தென்னை சீவுகிற ஒருவர் இருக்கிறார். விடியப்புறம் இறக்கும் உடன்கள்ளு, இளநீரைவிட இனிப்பு, நாக்கில் மெல்லக் குத்தும். பத்து மணிக்கு வேறு குடி. மத்தியானத்துக்கு அதில் ஒரு மாங்காய்ப் புளிப்பு ஏறும். பின்னேரம் தவறணைக்குரியது. மறுநாள் விட்டால் வினாகிரி. முட்டிக்குள் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்குவதால் அதை நிறுத்தி வைக்கவும் முடியாது, ஏற்றி அனுப்பவும் முடியாது. மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறுகிற அந்தக் கள்ளின் வாசத்தைச் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் பழக்கியிருக்கவில்லை. காணாத செர்ரிக்கு நாற்பது சொல் இருந்தது.

திராட்சை வைனே வேண்டுமென்றாலும் வடக்கே தோலகட்டி இருக்கிறது. செபமாலைத் தாசர் சபைத் துறவிகள் யாழ்ப்பாணத்துத் திராட்சையில் வைன் செய்து கோயில்களுக்கும் கொடுக்கிறார்கள், அவர்களுடைய நெல்லி ரசம் தெரியாதவர்கள் குறைவு. கூட்டாளி ஒருவன் ஒருமுறை ஒரு போத்தல் கொண்டு வந்தான். அதை நான் இறைச்சி ஊறப்போடப் பாவித்தேன். குடித்துப் பார்க்கவேயில்லை.

போன தையில் அக்கா போன் எடுத்தா. பேச்சு எங்கெங்கோ போய், அந்த ஓகஸ்ட் நண்டுக் குழம்பில் வந்து நின்றது. எனக்கு நெஞ்சு அடித்தது. அந்த வைன் என்ன விலை மச்சான் வாங்கினவர் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். விலையெல்லாம் பெரிசில்லை என்றா. “அது 2006ஆம் ஆண்டுப் போத்தல்டா. நீங்க எல்லாம் வாகரைக்குள்ள கிடக்கக்குள்ள, உசிரோட இருக்கிறீங்களா எண்டும் தெரியாம நாங்க போனுக்குப் பக்கத்துல இருந்தமே, அந்தப் புரட்டாதி ஐப்பசியில ஆய்ஞ்ச பழம். நீங்க வெளிய வந்திட்டீங்க எண்டு கேள்விப்பட்ட மறுகா இவர் போய் ஒண்டு வாங்கி நிலவறைக்குள்ள வச்சவர். எல்லாரும் ஒண்டாக் குந்தியிருந்து குடிக்க வேணும் எண்டு. ஒம்பது வருசம் தொடவிடல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “என்ன செய்யிற, பழுதாப் போயிற்று” என்றா.

லேபலில் வருசம் அச்சடித்திருந்தது. நாட்டின் பெயரைத் தேடிய கண் அதற்குக் கீழே இறங்கவில்லை.

அக்காவுக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஓம் அக்கா, சூட்டுக்கு நிக்காது என்றேன். மாமா இப்போது இல்லை, 2019இல் போய்விட்டார். மச்சான் இந்த ஆடியில் வருகிறார். என்ன வைன் கொண்டுவர என்று போனவாரம் கேட்டு அனுப்பியிருக்கிறார், பிரெஞ்சுதானே உனக்குப் பிடிக்கும் என்றும் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.

முருங்கை இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது. நண்டு வாங்கி வருகிற நாட்களில் இலை ஆய அம்மா என்னைத்தான் அனுப்புவா.